மீண்ட விரைவு

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் நிலத்தைக் கோடையில் கண்டோர், அஃது இனி ஒரு புல்லுக்கும் உதவாது என்றே எண்ணுவர். சித்திரை வெயிலில் அக்கரிய நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஆனால் அந்நிலத்து உழவர் அது கண்டு அஞ்சுவதில்லை. மேல்மண் சிறிது சிறிதாக உதிர்ந்து வெடிப்புகளுள் விழும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பெய்யுங்கால் களிமண் நீரை உறிஞ்சிப் பருக்கும். வெடிப்புகள் தாமே மூடிக்கொள்ளும். மேலிருந்த மண் கீழும் கீழிருந்த மண் மேலுமாகப் புரளும். இதனாலேயே கரிசலைத் தன்னைத் தான் உழுதுகொள்ளும் மண் என்று மண்ணியலார் கூறுவர். பின்னர்ப் பருத்தியும் கம்பும் உளுந்தும் பாசிப்பயறும் தலையெடுக்கும். வெடித்த நிலம் வேறு. செத்த நிலம் வேறு. இவ்வேறுபாட்டை அறிந்தவனே கரிசல் உழவன்.

மனிதரைப் பற்றிய மதிப்பீட்டில் இவ்வேறுபாட்டை உலகம் பெரும்பாலும் மறந்துவிடுகிறது. ஒருவன் சில ஆண்டுகள் தோல்வியுற்றால், அவன் காலம் முடிந்தது என்று முடிவு கட்டிவிடுகிறது. அங்ஙனம் முடிவு கட்டப்பட்ட பின்னர் மீண்டெழுந்த ஒரு மிதிவண்டி வீரரின் வரலாறு, மாணவர் அறிந்துகொள்ளத் தக்கது.

கரிசற்காட்டு மக்களுக்கு மிதிவண்டி புதியதன்று. தீப்பெட்டிக் கட்டுகளைச் சுமந்து சென்றதும் மிதிவண்டியே. பருத்திக் காட்டுக்குக் கஞ்சிக் கலயம் கொண்டு சென்றதும் மிதிவண்டியே. வளைகோற்பந்து ஆட்டத்துக்குப் பெயர் பெற்ற கோவில்பட்டியில், விடியற்காலையில் கோலை வண்டியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஆடுகளம் நோக்கி விரையும் இளைஞரைக் காணலாம். அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டியில் சிற்றூர்ப் பிள்ளைகள் பள்ளிக்கு வருவதும் நாள்தோறும் காணும் காட்சியே.

இப்பிள்ளைகள் ஆடி மாதத்தில் ஓர் உண்மையைத் தம் கால்களாலேயே கற்றுக்கொள்கின்றனர். அம்மாதத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய் வழியே புகும் காற்று, தடுப்பாரின்றிக் கரிசல் வெளியில் சுழன்றடிக்கும். கயத்தாற்றுப் பக்கத்துக் காற்றாலைகள் ஓய்வின்றிச் சுழல்வது அதனால்தான். அக்காலத்தில் கோவில்பட்டியிலிருந்து மேற்கே கழுகுமலை நோக்கி மிதிவண்டி மிதிப்பது எளிதன்று. இருவர் சேர்ந்து செல்வாராயின், ஒருவர் முன்னே சென்று காற்றைத் தாங்குவார். மற்றவர் அவர் நிழல்போல் ஒட்டிப் பின்னே செல்வார். பின்னே செல்பவர்க்கு உழைப்பு பெரிதும் குறையும். சிறிது தொலைவு சென்றபின் பின்னவர் முன்னவராவார். எவரும் கற்பிக்காமலே கழுகுமலைச் சாலையில் கற்கும் இவ்வுண்மைதான் உலகப் பெரும் மிதிவண்டிப் போட்டிகளுக்கெல்லாம் அடிப்படையாகும்.

அப்போட்டிகளுள் தலையாயது, பிரான்சு நாட்டில் 1903-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ‘டூர் டி பிரான்ஸ்’ என்பது. மூன்று வாரக் காலத்தில் இருபத்தொரு கட்டங்களாக மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவை வீரர்கள் கடக்க வேண்டும். ஆல்ப்ஸ், பிரெனீஸ் மலைகளின் செங்குத்தான பாதைகளும் அவற்றுள் அடங்கும். எல்லாக் கட்டங்களிலும் ஆன காலத்தைக் கூட்டி, மிகக் குறைந்த காலம் எடுத்தவரே முழுப் போட்டியின் வெற்றியாளர்; அவர்க்கு மஞ்சட்சட்டை உரியது. எனினும் ஒவ்வொரு கட்டத்திலும் எல்லைக்கோட்டை முதலில் தொடுபவர் அந்நாளின் வெற்றியாளராகப் போற்றப்படுவார்.

சமவெளிக் கட்டங்கள் விரைவோட்டக்காரர்க்கு உரியவை. நூற்றைம்பது, இருநூறு கிலோமீட்டர் வரை அவர் தம் அணித் தோழரின் பின்னே ஒதுங்கி ஆற்றலைச் சேமித்து வருவார். இறுதிச் சில கிலோமீட்டரில் தோழர் ஒருவர்பின் ஒருவராக முன்னின்று காற்றைப் பிளந்து வழி அமைப்பர். தம் ஆற்றல் தீர்ந்ததும் ஒவ்வொருவராக விலகுவர். எல்லைக்கு இருநூறு மீட்டர் அளவில் விரைவோட்டக்காரர் வெளிப்பட்டு, மணிக்கு அறுபது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட விரைவில் பாய்வார். அப்பாய்ச்சி சில நொடிகளில் முடிந்துவிடும். அச்சில நொடிகளின் பின்னே ஓர் அணி முழுவதன் நாள்முழுதும் ஆன உழைப்பு நிற்கிறது.

இவ்விரைவோட்டத்தில் ஈடிணையற்றவராக விளங்கியவர் மார்க் காவெண்டிஷ். அவர் பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் இடையேயுள்ள மேன் தீவில், 1985-ஆம் ஆண்டு மே மாதம் 21-ஆம் நாள் பிறந்தார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஒரு வங்கியில் பணிபுரிந்து, போட்டிகளுக்கு வேண்டிய பொருளைத் தாமே ஈட்டிச் சேர்த்தார். 2008-ஆம் ஆண்டு டூர் போட்டியில் நான்கு கட்டங்களை வென்றார். அடுத்த ஆண்டில் ஆறு. அதற்கடுத்த இரண்டு ஆண்டுகளில் ஐந்தைந்து. 2011-இல், கட்டங்களின் முடிவில் பெறும் புள்ளிகளில் முதல்வராய் வருவார்க்குரிய பச்சைச்சட்டையையும் பெற்றார். அவ்வாண்டே கோபன்ஹேகன் நகரில் உலகச் சாலைப் போட்டி வாகையும் சூடினார். 2016-ஆம் ஆண்டின் முடிவில் அவர் வென்ற டூர்க் கட்டங்கள் முப்பது. இப்போட்டியின் வரலாற்றில் அவரினும் மிக்க கட்டங்களை வென்றவர் ஒருவரே இருந்தார். பெல்ஜிய நாட்டு எடி மெர்க்ஸ் என்னும் அப்பெருவீரர் 1969 முதல் 1975 வரையில் முப்பத்து நான்கு கட்டங்களை வென்றிருந்தார். இன்னும் நான்கே வெற்றிகள்; காவெண்டிஷ் அவற்றை ஓரிரு ஆண்டுகளில் பெறுவார் என்றே யாவரும் எதிர்பார்த்தனர்.

ஆனால் நிகழ்ந்தது வேறு. 2017-ஆம் ஆண்டு வசந்த காலத்தில், எப்ஸ்டீன்-பார் என்னும் நச்சுயிரியால் வரும் நோய் அவரைப் பற்றியது. உடலின் ஆற்றலை உறிஞ்சித் தீராத அயர்வைத் தரும் நோய் அது. அவ்வாண்டு டூர் போட்டியின் நான்காம் கட்டத்தில், எல்லையை நெருங்கிய நிலையில் தடுப்பின்மேல் மோதி வீழ்ந்து தோள்பட்டை எலும்பு முறிந்தார். அடுத்த ஆண்டில் வந்த துன்பம் அதனினும் கொடியது.

டூர் போட்டியில் ஒரு விதி உண்டு. ஒவ்வொரு கட்டத்திலும் வெற்றியாளர் எடுத்த காலத்தைக்கொண்டு ஒரு கால வரம்பு கணிக்கப்படும். அவ்வரம்புக்குள் வந்து சேராதவர் போட்டியினின்றும் நீக்கப்படுவார். 2018-இல் ஆல்ப்ஸ் மலைக் கட்டம் ஒன்றில் காவெண்டிஷ் பின்தங்கினார். வரம்பு கடந்துவிடும் என்பது நெடுநேரத்துக்கு முன்னரே உறுதியாயிற்று. வண்டியை நிறுத்திவிட்டு ஊர்தியில் ஏறிக்கொண்டிருந்தாலும் எவரும் குறை கூறியிரார். அவரோ தனியராய் மலையேறி, வெற்றியாளர் வந்து ஒரு மணி நேரத்துக்கும் மேற்பட்டபின் எல்லைக்கோட்டைக் கடந்தார். அங்கே அவர்க்குக் காத்திருந்தது வாகையன்று, நீக்கமே. இருப்பினும் அவர் தொடங்கிய பாதையை முடித்தே இறங்கினார்.

அவ்வாண்டே அவர்க்கு மனச்சோர்வு நோய் இருப்பதாக மருத்துவர் கண்டறிந்தனர். காலில் முறிவு ஏற்பட்டால் ஊரார் இரங்குவர். உள்ளத்தில் முறிவு ஏற்பட்டால் அதனைச் சோம்பல் என்றும் கோழைமை என்றும் பழிப்பர். இஃது அறியாமையே. மனச்சோர்வும் ஒரு நோய். தக்கார் துணையால் தீரத்தக்க நோய். காவெண்டிஷ் அத்துணையை நாடினார். பின்னர் அதனை மறையாது வெளிப்படவும் கூறினார். விரைவுக்குப் பெயர்பெற்ற ஒருவர், தாம் நிற்கவும் வலியற்றிருந்த காலத்தை ஊரறியச் சொன்னது எளிய செயலன்று. அவர் பெற்ற பல வெற்றிகளினும் இதனைப் பெரிதாகக் கொள்ளுதல் தகும்.

2018-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பெற்ற ஒரு வெற்றிக்குப்பின் மூன்றாண்டுகள் அவர்க்கு ஒரு வெற்றியும் வாய்க்கவில்லை. 2019, 2020 ஆகிய ஆண்டுகளில் டூர் போட்டியிலேயே அவர் இடம்பெறவில்லை. 2020-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பெல்ஜிய நாட்டில் ஒரு போட்டி முடிந்ததும், இதுவே தம் இறுதிப் போட்டியாக இருக்கக்கூடும் என்று கூறிக் கண்ணீர் வடித்தார். வரும் ஆண்டுக்கு அவரை ஏற்க எந்த அணியும் அப்போது முன்வந்திருக்கவில்லை. அவர்க்கு வயது முப்பத்தைந்து. விரைவோட்டக்காரர்க்கு அது முதுமை.

இந்நிலையில் அவர் செய்தது யாது? பழம்பெருமை பேசி உயர்ந்த ஊதியம் கேட்டாரல்லர். முன்னர்த் தாம் இருந்த பெல்ஜிய அணியை நாடி, மிகக் குறைந்த ஊதியத்துக்கு ஓர் இடம் கேட்டார். முப்பது கட்டங்களை வென்றவர், தொடக்க நிலை இளைஞரோடு ஒருவராய்ச் சிறு போட்டிகளில் கலந்துகொண்டார். முதலில் மீண்டது வெற்றியன்று. உழைப்பே முதலில் மீண்டது. 2021-ஆம் ஆண்டு ஏப்ரலில் துருக்கி நாட்டுச் சுற்றுப்போட்டியில் ஒரு கட்டத்தை வென்றார். மூன்றாண்டு வறட்சிக்குப்பின் விழுந்த முதல் தூறல் அது. அப்போட்டியிலேயே மேலும் மூன்று கட்டங்கள் அவர் வயமாயின.

அப்போதும் அவ்வாண்டு டூர் போட்டிக்கு அவ்வணி தேர்ந்திருந்த விரைவோட்டக்காரர் வேறொருவரே. அவர் முழங்கால் நோயுற்றமையால், போட்டி தொடங்குதற்குச் சில நாள் முன்னரே காவெண்டிஷ் அழைக்கப்பெற்றார். வாய்ப்பு எதிர்பாராமல் வந்தது. ஆனால் ஆயத்தம் எதிர்பாராமல் வந்ததன்று. ஆறு மாத உழைப்பு இல்லாதிருந்தால் அவ்வழைப்பு வந்தும் பயனில்லை.

2021-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 29-ஆம் நாள், ஃபூழேர் என்னும் ஊரில் நான்காம் கட்டம் முடிந்தது. கூட்டத்தின் நடுவிலிருந்து வெளிப்பட்டுக் காவெண்டிஷ் முதல்வராய் எல்லைக்கோட்டைக் கடந்தார். ஐந்தாண்டுகளுக்குப்பின் பெற்ற முதல் டூர் வெற்றி அது. அணித் தோழரைத் தழுவிக்கொண்டு குழந்தைபோல் அழுதார். இரண்டு நாட்களுக்குப்பின் ஷாத்தொரூ நகரில் வென்றார். 2008-இல் அவர் தம் முதல் டூர் வெற்றியைப் பெற்றதும் அந்நகரிலேதான். பின்னர் வலான்ஸ் நகரிலும், ஜூலை 9-ஆம் நாள் கார்க்கசோன் நகரிலும் வென்றார். வெற்றிகள் முப்பத்து நான்காயின. நாற்பத்தாறு ஆண்டுகள் எவரும் எட்டாத மெர்க்ஸின் எண்ணிக்கையை அவர் எட்டினார். பச்சைச்சட்டையும் மீண்டும் அவர்க்கே உரியதாயிற்று.

இவ்வெற்றிகளில் தோழர் பங்கை மறத்தல் கூடாது. மைக்கேல் மொர்கோவ் என்னும் டென்மார்க்கு வீரர், இறுதிக் கணத்தில் அவர்க்கு முன்னின்று காற்றைத் தாங்கி வழி காட்டினார். மலைக் கட்டங்களிலோ, தாமே விரைந்து செல்லத்தக்க தோழர் பின்தங்கி நின்று, காவெண்டிஷ் கால வரம்புக்குள் வந்து சேரத் துணைபுரிந்தனர். 2018-இல் தனியராய் ஏறி நீக்கப்பட்டவர், 2021-இல் தோழரோடு ஏறி நிலைபெற்றார். தனி மனிதனின் மன உறுதி பெரிதே. ஆனால் அது மட்டும் போதுவதன்று.

கதை இத்துடன் முடிந்திருந்தால் இனிதாயிருக்கும். வாழ்க்கை கதைபோல் அமைவதில்லை. அவ்வாண்டு நவம்பரில் ஓர் உள்ளரங்கப் போட்டியில் வீழ்ந்து விலா எலும்புகள் முறிந்தார், நுரையீரலும் ஊறுபட்டது. 2022-இல் அவரது அணி டூர் போட்டிக்கு அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. 2023-இல் வேறோர் அணியிற் சேர்ந்து, அவ்வாண்டோடு ஓய்வு பெறுவதாக அறிவித்தார். டூர் போட்டியின் ஏழாம் கட்டத்தில், முப்பத்தைந்தாவது வெற்றி கைக்கு எட்டும் தொலைவில் வந்து இரண்டாம் இடத்தோடு நழுவியது. மறுநாளே வீழ்ந்து காறையெலும்பு முறிந்து மருத்துவமனை சேர்ந்தார். ஓய்வு பெறும் எண்ணத்தை ஓராண்டு தள்ளிவைத்து, மற்றுமொரு முறை முயல்வதெனத் துணிந்தார்.

2024-ஆம் ஆண்டு டூர் போட்டி இத்தாலி நாட்டில் கடும் வெயிலில் தொடங்கிற்று. முதல் நாளிலேயே காவெண்டிஷ் வெப்பத்தால் நோயுற்று, வண்டியின்மேல் இருந்தவாறே வாந்தியெடுத்தார். தோழர் சிலர் அவரைச் சூழ்ந்து அழைத்துவர, வெற்றியாளருக்கு ஏறத்தாழ 39 நிமிடங்கள் பிந்தி, வரம்புக்கு உட்பட்டு வந்து சேர்ந்தார். நான்கு நாட்கள் கழிந்தன. ஜூலை மாதம் 3-ஆம் நாள், சேன்-வுல்பா என்னும் சிற்றூரில் ஐந்தாம் கட்டம் முடிவுற்றது. இறுதி நெருக்கத்தில் ஒரு சக்கரத்தின் பின்னிருந்து மற்றொரு சக்கரத்தின் பின்னே தாவி, திறந்த வெளி கண்டு பாய்ந்தார். தம்மினும் மிக இளைய வீரரெல்லாம் பின்னே நிற்க, முப்பத்தொன்பது வயதுடைய அவர் முதல்வராய் எல்லையைக் கடந்தார். அவ்வெற்றி முப்பத்தைந்தாவது, எவரும் பெறாதது. அவ்வாண்டு நவம்பரில் சிங்கப்பூரில் நிகழ்ந்த போட்டியே அவருடைய இறுதிப் போட்டி. அதனையும் வென்று ஓய்வு பெற்றார்.

இத்தகைய மீட்சி அயல்நாட்டார்க்கே உரியதன்று. சென்னையிற் பிறந்த மேசைப்பந்தாட்ட வீரர் சரத் கமல், 2006-இல் மெல்பர்ன் நகரக் காமன்வெல்த் விளையாட்டில் ஒற்றையர் தங்கம் வென்றார். அடுத்த மூன்று காமன்வெல்த் விளையாட்டுகளிலும் அத்தங்கம் பிறர் கைக்குச் சென்றது. இடையே தொடைத் தசையில் கடும் ஊறும் நேர்ந்தது. பதினாறு ஆண்டுகளுக்குப்பின், 2022-இல் பர்மிங்காம் நகரில், நாற்பதாம் வயதில் அதனை அவர் மீண்டும் வென்றார். அவ்விளையாட்டில் குழுப் போட்டியிலும் கலப்பு இரட்டையரிலும் தங்கம் பெற்றவரும் அவரே.

இவ்வரலாறுகளைப் படித்து, முயன்றவர் அனைவரும் வெல்வர் என்று முடிவு செய்வது தவறாகும். காவெண்டிஷோடு ஓடியவருள் எத்துணையோ பேர் அவரைப் போலவே உழைத்தும் ஒரு கட்டமும் வெல்லாமலே ஓய்வு பெற்றனர். விதைத்த ஆண்டெல்லாம் கரிசலில் மழை பெய்வதில்லை. ஆயின் உழவன் கோடையிலேயே நிலத்தைச் செம்மை செய்து வைப்பது எதற்காக? மழை வருமென்ற உறுதியாலன்று. வருங்கால் நிலம் ஆயத்தமாயிருத்தல் வேண்டும் என்பதற்காகவே. மழை அவன் கையில் இல்லை; உழவு அவன் கையில் உள்ளது.

திருவள்ளுவர் ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை என்னும் நான்கு அதிகாரங்களையும் அடுத்தடுத்து வைத்துள்ளார். ஊக்கம் வேண்டும் என்றார். சோம்பல் கூடாது என்றார். முயற்சி வேண்டும் என்றார். இம்மூன்றும் உடையவனுக்குத் துன்பம் வாராது என்று கூறி முடித்தாரல்லர். அவற்றின் பின்னும் துன்பம் வரும், அப்போது உள்ளம் அழியாதிருத்தல் வேண்டும் என்பதற்காகவே நான்காவதை இறுதியில் வைத்தார் எனக் கொள்ளுதல் பொருந்தும். முப்பது வெற்றிகளுக்கு முதல் மூன்று பண்புகளும் போதியனவாயிருந்தன. எஞ்சிய ஐந்துக்கு நான்காவது பண்பு வேண்டியிருந்தது.

ஆடிக் காற்றை எதிர்த்துக் கழுகுமலைச் சாலையில் மிதிவண்டி மிதிக்கும் மாணவனுக்கு முன்னே பச்சைச்சட்டையும் இல்லை. பார்த்து ஆர்ப்பரிக்கும் கூட்டமும் இல்லை. தேர்வில் ஒருமுறை தவறியிருக்கலாம். ஆட்டத்தில் அணியினின்றும் நீக்கப்பட்டிருக்கலாம். ஊரார் அவனைப் பற்றி ஏதேனும் முடிவு கட்டியிருக்கலாம். அவன் சாலையின் இருமருங்கும் நோக்குவானாக. வெடித்துக் கிடக்கும் அந்நிலம், உதிரும் மண்ணைத் தன்னுள் வாங்கியவாறு ஐப்பசியை எதிர்நோக்கிக் கிடக்கிறது.